உண்டியல் ஏந்தும் மாணவர்களிடம் தீர்மானப் புத்தகத்தையும் கொடுங்கள்: கடலூர் அறக்கட்டளைகளுக்கும் சங்கங்களுக்கும் ஒரு திறந்த மடல்

பெறுநர்: கடலூர் மாநகரிலும் மாவட்டத்தின் பிற ஊர்களிலும் இயங்கும் அறக்கட்டளைகள், வணிகர் சங்கங்கள், சேவைச் சங்கங்கள், முன்னாள் மாணவர் சங்கங்கள் ஆகியவற்றின் பொறுப்பாளர்கள்.

மதிப்பிற்குரிய பெரியோர்களே,

வணக்கம். இம்மாவட்டத்து அரசு மேல்நிலைப் பள்ளிகளில் நெடுங்காலம் வணிகவியல் கற்பித்து ஓய்வு பெற்று, இப்போது திருப்பாதிரிப்புலியூரில் வசிப்பவன் நான். உங்களில் பலரைப் பரிசளிப்பு விழா மேடைகளில் வரவேற்றிருக்கிறேன். சிலருக்குப் பேரேடும் ஐந்தொகையும் போடக் கற்றுக்கொடுத்தவனும் நானே என்பதால், சற்று உரிமையோடு எழுதுகிறேன்.

என் வேண்டுகோளை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்களுள் ஒவ்வோர் அமைப்பும் ஏதேனும் ஒரு மேல்நிலைப் பள்ளியைத் தேர்ந்துகொண்டு, ஆண்டுக்கு 25,000 முதல் 50,000 ரூபாய் வரை ஒதுக்க வேண்டும். அந்தப் பணம் ஊரில் யாருக்கு, எந்த வேலைக்குப் போக வேண்டும் என்பதை ஒன்பதாம் வகுப்பும் பதினோராம் வகுப்பும் படிக்கும் மாணவர்களின் குழு ஒன்று முடிவு செய்ய வேண்டும். விண்ணப்பம் கேட்பது, நேரில் போய்ப் பார்ப்பது, விவாதிப்பது, கொடுப்பது, மறுப்பது, ஆறு மாதம் கழித்துப் போய் என்னவாயிற்று என்று விசாரிப்பது ஆகிய யாவும் அவர்கள் பொறுப்பு. உங்கள் பொறுப்பு பணம் தருவதும், அவர்கள் தீர்மானத்தில் கை வைக்காமல் இருப்பதும்.

இரண்டாவது பொறுப்புதான் கடினமானது என்பதை அறிந்தே கேட்கிறேன்.

ஈகை தொடர்பாக நம் பள்ளிப் பிள்ளைகளுக்கு நாம் இரண்டே வேடங்களை வைத்திருக்கிறோம். ஒன்று, வசூலிப்பவர். ஆண்டுதோறும் டிசம்பர் 7 வந்தால் கொடிநாள் உண்டியலை அவர்கள் கையில் கொடுத்து மஞ்சக்குப்பம் கடைத்தெருவுக்கு அனுப்புகிறோம். புயல் வந்தால் பழைய துணி, அரிசி, பிஸ்கட் பொட்டலம் என்று கேட்டு வீடு வீடாக அனுப்புகிறோம். மற்றொன்று, வாங்கிக்கொள்பவர். குறிப்பேடோ மிதிவண்டியோ புத்தகப் பையோ பெற்றுக்கொள்ள மேடையேறி, புகைப்படக்காரர் 'இந்தப் பக்கம் பாரும்மா' என்று சொல்லும்வரை பொருளைப் பிடித்துக்கொண்டு நிற்பவர். 1969-இல் தொடங்கிப் பின்னர் மேல்நிலை வகுப்புகளுக்கும் வந்த நாட்டு நலப்பணித் திட்டம் துடைப்பத்தையும் மண்வெட்டியையும் கொடுத்து உழைப்பைக் கற்றுத் தந்தது. அதன் முகாம்களில் பல ஆண்டுகள் சோறு பொங்கியவன் என்ற முறையில் அதன் அருமை எனக்குத் தெரியும். ஆனால், மேசைக்குப் பின்னால் அமர்ந்து, இருக்கிற பணம் இவ்வளவு, கேட்கிறவர்கள் இத்தனை பேர், யாருக்குக் கொடுப்பது என்று மண்டையை உடைத்துக்கொள்ளும் நாற்காலியில் நாம் அவர்களை உட்கார வைத்ததே இல்லை.

தமிழ்ப் பாடத்தில் முல்லைக்குத் தேர் கொடுத்த பாரியும் மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகனும் வருகிறார்கள். முன்பின் பாராமல் அள்ளித் தரும் அந்தப் பேதைமைக்குக் கொடைமடம் என்று பெயர் வைத்து நம் முன்னோர் போற்றினார்கள். ஐந்து மதிப்பெண் வினாவுக்கு மாணவர்கள் அதை அழகாக எழுதவும் செய்வார்கள். மன்னனுக்கு அது பெருமை. சங்கத்து உறுப்பினர்களிடம் சந்தா வாங்கிக் கொடுக்கிற நமக்கும், நாளை நம் இடத்தில் அமரப்போகிற பிள்ளைகளுக்கும் அது போதாது. பார்த்துக் கொடுக்கும் பழக்கமும் நம் மண்ணில் இல்லாததன்று. தேவனாம்பட்டினத்திலும் சோனங்குப்பத்திலும் ஊர்ப் பணத்தை என்ன செய்வது என்று மீனவப் பஞ்சாயத்தார் உட்கார்ந்து பேசுவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் எங்கள் வகுப்பில் இருந்தார்கள். 1867-இல் வடலூரில் வள்ளலார் சத்திய தருமச்சாலையைத் தொடங்கியபோது அதற்கான நிலத்தைக் கொடுத்தவர்கள் அவ்வூர் மக்களே. அன்று மூட்டிய அடுப்பு அணையாமல் இருப்பதற்குப் பின்னால் கருணை இருக்கிறது; அன்றாடம் வருகிற அரிசியையும் வருகிற வயிறுகளையும் கணக்குப் பார்க்கிற ஒருவரும் இருக்கிறார். அந்த இரண்டாமவரின் வேலையைத்தான் பள்ளியில் கற்பிக்கலாம் என்கிறேன்.

இது எனக்கு ஏட்டில் வாய்த்த யோசனை அன்று. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்து, பண்ருட்டிப் பக்கம் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்துப் போட்டது உங்களுக்கு நினைவிருக்கும். எத்தனையோ சிற்றூர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. அந்த நாள்களில் ஒரு திருமண மண்டபத்தில் மலைபோல் குவிந்திருந்த பழந்துணிகளைப் பிரிக்க என் மாணவர்களை அழைத்துப் போனேன். ஒற்றைச் செருப்புகள், கழுத்துப்பட்டைகள், ஊக்கு அறுந்த ரவிக்கைகள். மாலைவரை பிரித்தும் பாதிக்கு மேல் யாருக்கும் உதவாது என்று தெரிந்தபோது, கூரை இழந்த வீட்டிலிருந்து வந்திருந்த ஒரு மாணவி, "என்ன வேணும்னு யாருமே எங்கள கேக்கல சார்" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

அடுத்த மாதம், சிங்கப்பூரில் வேலை பார்க்கும் பழைய மாணவர் ஒருவர், புயலால் பாதிக்கப்பட்டவர்களுக்கு ஏதாவது செய்யுங்கள் சார் என்று 25,000 ரூபாய் அனுப்பினார். வழக்கப்படி குறிப்பேடு வாங்கி விநியோகித்துப் படம் எடுத்து அனுப்பியிருப்பேன். அந்தப் பெண்ணின் சொல் காதில் இருந்ததால், பதினோராம் வகுப்பு வணிகவியல் பிரிவில் 12 பேரைச் சேர்த்து, பணத்தின் தொகையைக் கரும்பலகையில் எழுதி, இதை நீங்களே முடிவு செய்யுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

முதல் வாரம் குழப்பம்தான். ஆளுக்குச் சமமாகப் பிரித்துக் கொடுத்துவிடலாம் என்றார்கள். வகுத்துப் பார்த்தபோது பள்ளியில் தலைக்கு 20 ரூபாய்கூட வரவில்லை. பிறகு ஒரு பக்கத்துக்கு மிகாமல் விண்ணப்பம் கேட்கலாம் என்று முடிவாயிற்று. எவ்வளவு வேண்டும், எதற்கு, அந்த வேலையை யார் செய்வார்கள், உங்கள் பங்காக என்ன போடுவீர்கள் என்று நான்கே கேள்விகள். கடைசிக் கேள்வியைச் சேர்த்தவன் மீனவ ஊரைச் சேர்ந்த பையன். எங்கள் ஊரில் வரி கொடுக்காதவனுக்குப் பஞ்சாயத்தில் பேச்சு கிடையாது என்பது அவன் வாதம். எழுதத் தெரியாதவர்கள் வாய்மொழியாகச் சொல்லலாம், குழுவில் ஒருவர் எழுதிக்கொள்ள வேண்டும் என்று ஒரு மாணவி திருத்தம் கொண்டுவந்தாள். அந்தத் திருத்தம் இல்லாவிட்டால் வந்த ஏழு விண்ணப்பங்களில் மூன்று வந்திருக்காது.

ஒன்று, கடற்கரைக் குப்பத்து இரவுப் பாடசாலைக்குச் சூரிய ஒளி விளக்கும் பாய்களும் கேட்டு வந்தது. இன்னொன்று, முந்திரித் தோப்புகளில் கூலி வேலை இழந்த பெண்களின் சுய உதவிக் குழு, ஒட்டுக்கன்று வளர்க்கும் நாற்றங்காலுக்குக் கேட்டது. நனைந்துபோன படிப்பகம் ஒன்று இரும்பு பீரோ கேட்டது. எங்கள் பள்ளிக் கைப்பந்து அணியும் வலையும் பந்தும் கேட்டு விண்ணப்பித்துவிட்டது. குழுவில் மூவர் அந்த அணியின் ஆட்டக்காரர்கள்.

நான் வாயைத் திறக்கவில்லை. இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சுற்றினார்கள். மூன்றாம் நாள் ஒரு மாணவி எழுந்து, "சொந்தக்காரங்க கேசுன்னா ஜட்ஜ் ஒதுங்கிப்பாங்களாமே சார், அந்த மாதிரி அவங்க மூணு பேரும் வெளிய இருக்கட்டும்" என்றாள். இருந்தார்கள். வராந்தாவில் சுவரில் சாய்ந்தபடி அந்த மூன்று பையன்களும் நின்ற கோலம் இன்றும் என் கண்ணில் இருக்கிறது. பெரியவர்களாகிய நாம் நடத்தும் எத்தனை நிர்வாகக் குழுக்களில் ஒருவராவது இப்படி எழுந்து வெளியே போயிருக்கிறோம் என்று, மன்னிக்கவும், நான் அப்போது நினைத்துக்கொண்டேன்.

அணிக்கு இல்லை என்று முடிவாயிற்று. அதைக் கடிதமாக எழுத மூன்று நாள் ஆயிற்று. முதல் வரைவில் 'நிதி இல்லாத காரணத்தால்' என்று எழுதியிருந்தார்கள். அரசுக் கடிதங்களைப் பார்த்துப் பழகிய கை. பணம் இருக்கிறதே, பொய் எதற்கு என்று ஒருத்தி அடித்துவிட்டாள். இரண்டாம் வரைவில் அறிவுரை மிகுந்திருந்தது. மூன்றாவதாக, புயலில் இழந்ததை மீட்கும் வேலைகளுக்கு இவ்வாண்டு முதலிடம் கொடுத்திருக்கிறோம், உங்கள் வலை கிழிந்தது புயலுக்கு முன்பே, அடுத்த ஆண்டு கேளுங்கள் என்று நான்கு வரியில் எழுதிப் பன்னிருவரும் கையெழுத்திட்டார்கள், அந்த மூன்று ஆட்டக்காரர்கள் உட்பட. வணிகக் கடிதம் எழுதுவது எப்படி என்று நான் அத்தனை ஆண்டுகள் நடத்திய பாடம் எதுவும் அந்தக் கடிதத்துக்கு ஈடாகாது.

நாற்றங்காலுக்கு 6,000 ரூபாய் கொடுக்கும் முன், ஒட்டுக்கன்று காய்க்க மூன்று ஆண்டு ஆகுமே, அதுவரை சோற்றுக்கு என்ன செய்வீர்கள் என்று குழுவினர் கேட்டார்கள். கன்றை விற்கத்தான் வளர்க்கிறோம், காய்ப்பது வாங்குகிறவன் பாடு என்று அந்தப் பெண்கள் சிரித்துக்கொண்டே விளக்கினார்கள். விழுந்த தோப்புகளுக்கெல்லாம் மறுநடவு வேண்டியிருக்கும் என்று வேளாண்மைத் துறைக்கு முன்பே கணக்குப் போட்டிருந்தவர்கள் அவர்கள். வறுமையில் இருப்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது என்று நம்பிக்கொண்டு போன பிள்ளைகள் திரும்பி வரும்போது பேருந்தில் பேச்சில்லாமல் வந்தார்கள்.

எல்லாம் நன்றாக முடிந்தது என்று எழுத ஆசைதான். இரவுப் பாடசாலைக்கு 8,000 ரூபாயில் விளக்கும் பாயும் வாங்கிக் கொடுத்தோம். அங்கே பாடம் நடத்திய இளம்பெண் திருமணமாகித் திருப்பூருக்குப் போய்விட, ஐந்தே மாதத்தில் பாடசாலை மூடப்பட்டது. விளக்கைத் தேடிப் போனபோது அது ஒரு பெட்டிக்கடையில் எரிந்துகொண்டிருந்தது. பிடுங்கிக்கொண்டு வர வேண்டும் என்று பாதிப் பேர் துள்ளினார்கள். "விளக்கு எரியுதுல்ல" என்றான் ஒருவன். கடைக்காரப் பெண்மணியோ, ராத்திரி படிக்கிற பிள்ளைகள் இப்போது கடை வாசலில்தான் உட்காருகின்றன என்றார். அது உண்மையா, அப்போதைக்குச் சொன்னதா என்று இன்றுவரை எனக்குத் தெளிவில்லை. விளக்கை அங்கேயே விட்டுவிட்டு வந்தார்கள். இனிமேல் ஒரே ஆளை நம்பி நடக்கும் வேலைக்குக் கொடுக்கும்போது, அவர் இல்லாவிட்டால் யார் என்று கேட்க வேண்டும் எனத் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார்கள். கோடிக்கணக்கில் கொடுக்கும் நிறுவனங்கள் ஆலோசகர்களுக்குப் பணம் கட்டித் தெரிந்துகொள்ளும் பாடம் இது.

படிப்பகத்துக்குக் கொடுத்த 9,500 போக, பேருந்துக் கட்டணம் 640 போக, 860 ரூபாய் மிஞ்சியது. அதை நெல்லிக்குப்பத்தில் இருந்த நன்கொடையாளரின் தாயாரிடம் ஒப்படைத்துச் சீட்டு வாங்கி வந்தார்கள். கொடுத்த பணம் திரும்பி வந்தது வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை என்று அவர் சிங்கப்பூரிலிருந்து அழைத்துச் சொன்னார். அதன்பின் எனக்கு மாறுதல் வந்தது; அந்தப் பள்ளியில் அது அதோடு நின்றுபோனது. அது என் குறை. ஓர் ஆசிரியரை நம்பி நடந்த வேலை, அவர் போனதும் நின்றது.

வெளியுலகில் இதைப் பெரிய அளவில் செய்து பார்த்திருக்கிறார்கள். ஓர் ஊரின் பணத்தை ஒரே பொது அறக்கட்டளையில் சேர்த்து, ஊராரைக் கொண்டே பகிர்ந்தளிக்கும் முறை அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் 1914-இல் தொடங்கியது. 1980-களின் இறுதியில் மிச்சிகன் மாநிலத்தில் கெல்லாக் அறக்கட்டளை, அவ்வாறான ஊர் அறக்கட்டளைகளுக்கு நிதி தரும்போது ஒரு நிபந்தனை விதித்தது: ஒரு பகுதி இளைஞர் நிதியாக நிலைவைப்பில் இருக்க வேண்டும், அதன் வருவாயை யாருக்குக் கொடுப்பது என்பதைப் பள்ளி வயதினரின் குழு முடிவு செய்ய வேண்டும். மாநிலம் முழுவதும் எண்பதுக்கும் மேற்பட்ட குழுக்கள் உருவாயின. தம் வயதினருக்கு உண்மையில் என்ன தேவை என்று அவர்களே கணக்கெடுத்துவிட்டுத்தான் விண்ணப்பம் கேட்பார்கள். அந்த நிலைவைப்பு இருந்ததால் ஆசிரியர் மாறினாலும் குழு நிற்கவில்லை. என் பள்ளியில் இல்லாமல் போனது இதுவே. கனடாவில் 2002-இல் தொடங்கிப் பின்னர் ஸ்காட்லாந்து முதலிய இடங்களுக்குப் பரவிய இன்னொரு முறையில், மாணவர்கள் குழுக்களாகப் பிரிந்து குழுவுக்கொரு தொண்டு நிறுவனத்தைப் போய்ப் பார்த்து வந்து மேடையில் பேச, நன்றாகப் பேசிய குழுவின் நிறுவனத்துக்குப் பணம் கிடைக்கிறது. ஸ்காட்லாந்தில் அது 3,000 பவுண்டு. நமக்கு மிச்சிகன் முறையே ஏற்றது என்பது என் கருத்து. நம் ஊரில் மேடையைப் போட்டால் அது பேச்சுப் போட்டியாகிவிடும். அடுக்குமொழி பேசுகிறவன் வெல்வான், பீரோ கேட்ட படிப்பகத்துக்காரர் தோற்பார்.

உங்கள் தணிக்கையாளர்கள் எழுப்பக்கூடிய ஐயங்களுக்கு வருகிறேன். இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன்படி 18 வயது நிறையாதவர் ஒப்பந்தம் செய்துகொள்ளத் தகுதியற்றவர். ஆகவே பணம் உங்கள் கணக்கிலேயே இருக்கட்டும். மாணவர் குழுவின் தீர்மான நகலைப் பெற்றுக்கொண்டு, உரிய குழுவுக்கோ பொருள் விற்கும் கடைக்கோ நீங்களே காசோலை கொடுங்கள். ரொக்கம் மாணவர் கையிலோ ஆசிரியர் கையிலோ படவே வேண்டாம். அப்போதுதான் தலைமையாசிரியர்கள் தயங்காமல் சம்மதிப்பார்கள்.

பெரிய நிறுவனங்களின் பணத்தை ஏன் கேட்கவில்லை என்று நீங்கள் வினவலாம். நெய்வேலியும் சிப்காட்டும் உள்ள மாவட்டம் இது. நிறுவனங்கள் சட்டம், 2013-இன் 135-ஆம் பிரிவு, குறிப்பிட்ட அளவை எட்டிய நிறுவனங்கள் தம் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும் என்கிறது. ஆனால் வெளி அமைப்பின் வழியாக அதைச் செலவிட வேண்டுமானால், அந்த அமைப்பு வருமான வரிச் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற்று, 2021 முதல் நிறுவன விவகார அமைச்சகத்திலும் தனியே பதிவு செய்திருக்க வேண்டும். நாற்றங்கால் போட்ட பெண்களிடம் வங்கிப் புத்தகம் ஒன்றைத் தவிர வேறு காகிதம் இல்லை. பெரும்பணம் ஒருபோதும் போய்ச் சேர முடியாத இடம் அது. உங்கள் 25,000 போய்ச் சேரும். எந்தச் சந்தில் யார் என்ன நல்ல வேலை செய்கிறார்கள் என்பதைப் பதினாறு வயதுப் பிள்ளைகளைவிட நன்றாக அறிந்த அதிகாரி எவரும் இல்லை.

சொல்லாமல் விடக்கூடாத ஒன்றும் உண்டு. நம் ஊர்களில் பணம் தெரு பார்த்துப் போகும். மாணவர் குழுவும் அதற்கு விலக்காகிவிடாது. வீட்டில் கேட்டது வகுப்பிலும் ஒலிக்கும். அதனால் குழுவை ஆசிரியர் பொறுக்கி எடுக்க வேண்டாம், மதிப்பெண் பட்டியலைப் பார்க்கவே வேண்டாம். விருப்பம் தெரிவிப்பவர்களின் பெயர்களைச் சீட்டில் எழுதிக் குலுக்கி எடுங்கள். பாதிப் பேர் பெண்களாக இருக்கட்டும். விண்ணப்பித்த ஒவ்வோர் இடத்துக்கும் குழு நேரில் போக வேண்டும் என்பதை மட்டும் மாற்றக்கூடாத விதியாக வையுங்கள். தம் ஊரிலேயே, பிறந்தது முதல் ஒரு தடவைகூடக் கால் வைத்திராத தெருவுக்குள் எங்கள் பிள்ளைகள் நால்வர் அன்று முதன்முதலாக நுழைந்தார்கள். ஒருவன் அங்கே தண்ணீர் வாங்கிக் குடித்தான். ஒருவன் குடிக்கவில்லை. ஒருவன் செய்தது மற்றவனுக்குத் தெரிந்திருந்தது. அன்று அதைப் பற்றி யாரும் பேசவில்லை. இறுதிக் கூட்டத்தில் பேசினார்கள், ஒரு மணி நேரத்துக்கும் மேலாக.

உங்களிடம் மட்டும் கேட்க வேண்டிய ஒன்று: பதாகை வேண்டாம். பணம் கொடுக்கும் நாளில் உங்கள் சங்கத்தின் பெயர் பொறித்த பதாகையின் முன் மாணவர்களையும் பெறுபவர்களையும் நிறுத்திப் படமெடுத்தால், மறுபடியும் பழைய இரண்டு வேடங்களுக்கே அவர்களைத் திருப்பி அனுப்பியவர்கள் ஆவீர்கள். ஆண்டறிக்கைக்குப் படம் தேவையென்றால், தீர்மானப் புத்தகத்தின் ஒரு பக்கத்தை அச்சிடுங்கள். பிள்ளைகளின் கையெழுத்து பெரும்பாலும் நன்றாகவே இருக்கும்.

பதினோராம் வகுப்புக்கு 2017-18 முதல் இருந்துவந்த பொதுத்தேர்வு இப்போது நீக்கப்பட்டிருப்பதால், அவ்வகுப்பு மாணவர்களுக்கு ஆண்டு முழுவதும் சற்று மூச்சுவிட இடம் கிடைத்திருக்கிறது. ஜூனில் பள்ளி திறந்ததும் குழு அமைத்து, ஆகஸ்டில் விண்ணப்பம் கேட்டு, வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் நேரில் பார்த்து முடித்தால், பொங்கலுக்குள் பணம் போய்ச் சேர்ந்துவிடும். மழைக்கு முன் முடிப்பது முக்கியம். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயலும் அதைத் தொடர்ந்து தென்பெண்ணை வெள்ளமும் வந்தபோது இந்நகரில் பள்ளிகள் எத்தனை நாள் முகாம்களாக இருந்தன என்பதை நாம் பார்த்தோம். ஒன்பதாம் வகுப்பினரைச் சேர்க்கச் சொல்வது, அவர்கள் பதினொன்றுக்கு வரும்போது புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள் என்பதற்காக.

முதல் ஆண்டில் மூன்று பள்ளிகள் போதும். வரும் மே மாதத்துக்குள் உங்களில் மூன்று அமைப்புகள் முன்வந்தால், பள்ளிகளுடன் பேசுவதும், அந்த நான்கு கேள்விகள் கொண்ட விண்ணப்பத்தை இன்றைக்கு ஏற்றபடி திருத்துவதும், மாதம் ஒருமுறை குழுக்கூட்டத்தில் ஓரமாக உட்கார்ந்திருப்பதும் என் வேலை. ஊதியமோ பயணப்படியோ வேண்டாம். 2012-ஆம் ஆண்டுத் தீர்மானப் புத்தகத்தை இத்தனை ஆண்டுகளாகப் பத்திரமாக வைத்திருக்கிறேன். நேரில் வருகிறவர்களுக்கு அதைக் காட்டுகிறேன். கைப்பந்து அணிக்கு எழுதிய கடிதத்தின் மூன்று வரைவுகளும் அதற்குள்தான் இருக்கின்றன.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற வணிகவியல் ஆசிரியர்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.

நகல்: மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலர், கடலூர் (தகவலுக்காக).